இரண்டு பேர் போக ஒரு க்ரூசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரூசர் (தாழ்ந்த சீட்டும் நீண்ட உடலும் கொண்ட, நிதானமாகப் போவதற்கான மோட்டார்சைக்கிள்) வாங்கப் போகிறவர் முன்சீட்டில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்து, கால் தரையில் நன்றாக ஊன்றுகிறதா என்று சோதித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார். பின்சீட்டைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதோடு சரி. ஆனால் துணையோடு நாளைக்கு 200, 300 கி.மீ. போய்வருவதுதான் திட்டம் என்றால், அந்த வண்டி உங்களிடம் தங்குமா, ஆறு மாதத்தில் விற்பனைக்குப் போகுமா என்பதைப் பின்னால் உட்காருபவரே தீர்மானிப்பார். அதனால் இந்தப் பதில்களில் பெரும்பாலானவை பின்சீட்டிலிருந்து பார்த்து எழுதியவை.

இருவர் போவதற்கு க்ரூசர் பொருத்தமான வண்டிதானா?

பொருத்தம்தான், ஆனால் எல்லா க்ரூசரும் அல்ல. தாழ்வான சீட், தாழ்வாக அமைந்த எடை, நீளமான வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம்), குறைந்த ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கும் இழுவை ஆகிய நான்கும் துணையோடு போகிறவருக்குச் சாதகம். சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியும். பின்னால் இருப்பவர் கொஞ்சம் அசைந்தாலும் வண்டி தடுமாறாது.

பாதகமும் இருக்கிறது. சீட்டைத் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் ஏறி இறங்க இடம் குறைகிறது. அழகுக்காகப் பின்புறத்தைச் சுருக்கினால் பின்சீட் ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்துவிடுகிறது. மோசமான சாலையில் நீண்ட தூரம் போவதுதான் உங்கள் வழக்கம் என்றால் அட்வென்ச்சர் டூரர் வகை வண்டிகளையும் பார்த்துவிடுங்கள், அவற்றில் பின்சீட்காரருக்கு வசதி அதிகம். நல்ல சாலை, நிதானமான வேகம், நினைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போவது என்றால் க்ரூசருக்கு நிகர் க்ரூசர்தான்.

எத்தனை சிசி இருந்தால் போதும்?

இந்தக் கேள்வியைச் சிசியில் கேட்பதைவிட எடையில் கேட்பது நல்லது. ஒரு கணக்குப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 சுமார் 190 கிலோ, சுமார் 20 குதிரைத்திறன். 75 கிலோ உள்ள ஒருவர் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறினால் மொத்தம் 270 கிலோ. அதே அளவில் இன்னொருவரும் ஒரு பையும் சேர்ந்தால் 360. அதே இன்ஜின் இப்போது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடையை இழுக்க வேண்டும். சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்வரை இது பெரிதாகத் தெரியாது. மேட்டில் ஒரு லாரியைத் தாண்ட நினைக்கும்போதுதான் தெரியும். கியரைக் குறைத்து, த்ராட்டிலை முழுக்கத் திருகி, அப்படியும் மனசு வராமல் மறுபடி பின்னால் ஒதுங்குவீர்கள்.

என் கணக்கு இப்படி. ஊருக்குள்ளும் அவ்வப்போது நூறு கி.மீ. தூரத்துக்கும் மட்டும் என்றால் 350 போதும், அவசரப்படாதவராக இருந்தால். ஹோண்டா ரெபெல் 500-இன் 471 சிசி இன்ஜினுக்குத் தெம்பு இருக்கிறது, ஆனால் அதன் பின்சீட் சிறியது (அதைப் பற்றிக் கீழே). துணையோடு நெடுஞ்சாலை என்றால் 650-இல் தொடங்குவது நிம்மதி. கவாஸாகி வல்கன் எஸ், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 போன்றவை இந்த வகை. 800 முதல் 950 வரையிலான வி-ட்வின்கள் (இரண்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் அமைந்த இன்ஜின் உள்ளவை), அதாவது கவாஸாகி வல்கன் 900, சுஸுகி புலவார்டு சி50 போன்றவை, இந்த வேலைக்கென்றே அளவெடுத்தவை என்பேன். புதியதாகக் கிடைக்காத இடங்களில் பழையதாவது தேடிப் பார்க்கலாம். 1200-க்கு மேலே போனால் இழுவைக்குக் கவலையே இல்லை, அங்கிருந்து வண்டியின் எடைதான் கவலை.

குதிரைத்திறனைவிட டார்க் (இன்ஜினின் திருகுவிசை) எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று பாருங்கள். ஒரே அளவு டார்க்கை 3,000-இல் தரும் வண்டியும் 6,500-இல் தரும் வண்டியும் பின்சீட்டில் ஆளோடு இருக்கும்போது இரண்டு வேறு வண்டிகள்.

வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று எங்கே பார்ப்பது?

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ 'அனுமதிக்கப்பட்ட மொத்த எடை' என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து, பெட்ரோல் நிரப்பிய நிலையில் வண்டியின் எடையைக் கழியுங்கள். மீதிதான் நீங்கள், துணை, இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, பைகள், பிற்பாடு மாட்டிய கிராஷ் கார்டு, விண்ட்ஷீல்டு, பேக்ரெஸ்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

பலர் ஏமாறும் இடம் இது. பெரிய வண்டி என்றால் அதிகம் தாங்கும் என்று நினைப்போம். 300 கிலோ வண்டி 180 கிலோதான் சுமக்க அனுமதி பெற்றிருக்கலாம், 200 கிலோ வண்டியும் அதே 180-ஐச் சுமக்கலாம். தகட்டைப் பார்க்காமல் இது தெரியாது. ஓட்டுநர் 85, துணை 65, இருவரின் கவச உடைகள் 12 என்று வைத்தாலே 162 ஆகிவிட்டது. மிச்சம் 18 கிலோவில்தான் பைகளும் நீங்கள் ஆசையாக மாட்டிய இரும்புச் சாமான்களும்.

டயரிலும் ஓர் எண் இருக்கும். பக்கவாட்டில் 73எச் என்று இருந்தால் 73 என்பது சுமை எண், அந்த டயர் 365 கிலோ வரை தாங்கும். 77 என்றால் 412 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை. பின் டயர் மாற்றும்போது கம்பெனி குறிப்பிட்டதைவிடக் குறைந்த சுமை எண் உள்ள டயரை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டாதீர்கள்.

பின்சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். துணையை அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் முன்னால், அவர் பின்னால், வண்டியைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். முதல் நிமிடத்தில் எல்லா சீட்டும் மெத்தென்றுதான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துத்தான் ஃபோம் அமுங்கி அடிப்பலகை எங்கே உறுத்துகிறது என்று தெரியும்.

அப்போது அவரிடம் கேட்க வேண்டியவை: உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் மேல் இருக்கின்றனவா, விளிம்பில் தொங்குகின்றனவா? பல க்ரூசர்களில் பின்சீட் பின்பக்கம் குறுகிக்கொண்டே போகும், பார்க்க அழகு, உட்கார்ந்தால் அவஸ்தை. அடுத்து, சீட் எந்தப் பக்கம் சரிகிறது? பின் ஃபெண்டரின் (மட்கார்டு) வளைவோடு சேர்ந்து பின்புறமாகச் சரிந்த சீட் என்றால் நீங்கள் த்ராட்டில் திருகும் ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் நழுவுவார். விழுந்துவிடக் கூடாது என்று உங்கள் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே வருவார். நூறு கி.மீ. அப்படி வந்தால் அவருக்குத் தோளும் உங்களுக்குப் பொறுமையும் போய்விடும்.

மூன்றாவது ஃபுட்பெக், அதாவது கால் வைக்கும் கட்டை. தாழ்ந்த சீட்டும் உயர்ந்த ஃபுட்பெக்கும் சேர்ந்தால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும், உடம்பின் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருந்தால் சரி. நான்காவது சைலன்சர். இரண்டு குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் மாடல்களில் கெண்டைக்கால் மேல்குழாயைத் தொடும் தூரத்தில் இருக்கும். ஏறி இறங்கும்போதுதான் சுட்டுக்கொள்வார்கள், ஓடும்போது அல்ல. அதனால் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில வண்டிகளில் பின்சீட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ட்ரயம்ஃப் பாபர் ஒற்றை சீட் வண்டி, பின்னால் ஆள் ஏற்ற அமைப்பே கிடையாது. அதே 1200 சிசி இன்ஜினோடு இருவர் உட்காரும்படி வந்ததுதான் ஸ்பீட்மாஸ்டர். ரெபெல் 500-இல் பின்சீட் உண்டு, ஆனால் கழற்றிவிடக்கூடிய சின்ன மெத்தை. அரைமணி நேரப் பயணத்துக்குச் சரி. டூருக்கு என்றால் அகலமான மாற்று சீட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பேக்ரெஸ்ட் அவசியமா?

அவசியம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதுகுக்கு ஆதரவு என்பதைவிட, பின்னால் விழுந்துவிட மாட்டோம் என்ற நம்பிக்கைதான் பெரிது. அந்த நம்பிக்கை வந்ததும் உடம்பு இறுக்கம் தளரும், அவர் உங்களோடு சேர்ந்து வளைவில் சாய்வார், வண்டி ஓட்டவும் இலகுவாகும். முதுகின் கீழ்ப்பகுதியில் படும்படி இருக்க வேண்டும். மிகவும் பின்னால் தள்ளி இருந்தால் எட்டாது, வெறும் அலங்காரம். மாட்டிய பிறகு போல்ட்டுகளை முதல் நூறு கி.மீ. முடிந்ததும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

ஆள் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது, பள்ளத்தில் 'டக்' என்று இடிக்கிறது. என்ன செய்வது?

க்ரூசர்களின் பழைய வியாதி. பின் சக்கரம் ஏறி இறங்க 80 முதல் 100 மி.மீ. வரைதான் பல மாடல்களில் இடம் உண்டு. இரண்டு பேர் ஏறியதும் அதில் பாதி போய்விட்டால், பள்ளத்துக்கு மிஞ்சுவது பாதிதான்.

முதலில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டுங்கள். இரட்டை ஷாக் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கின் கீழே படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் இருக்கும். டூல் கிட்டில் உள்ள கொக்கிச் சாவியை அதில் மாட்டித் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும், இது முக்கியம். ஹார்லி-டேவிட்சன் சாஃப்டெயில் வகையில் ஷாக் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மாடலைப் பொறுத்து அதைச் சரிசெய்யும் வழி மாறும். வாங்கும் முன்பே 'பிரீலோடை எப்படி மாற்றுவது, காட்டுங்கள்' என்று கேட்டுவிடுங்கள். சீட்டைக் கழற்றி, இரண்டு ஸ்பேனரோடு போராட வேண்டிய வண்டியில் யாரும் அதை மாற்றுவதில்லை, ஒரே நிலையில் விட்டுவிடுகிறார்கள்.

சரியாக இருக்கிறதா என்று அளக்கவும் முடியும். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே ஃபெண்டரில் ஓர் இடம்வரை அளவெடுங்கள். பிறகு இருவரும் பைகளோடு ஏறி உட்கார்ந்ததும் மூன்றாவது ஆள் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம், பின் சக்கரம் ஏறி இறங்கும் மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பிரீலோடைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோன பிறகும் பாதியைத் தாண்டுகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. கடினமான ஸ்பிரிங்கோ வேறு ஷாக்கோ போட வேண்டியதுதான், அதற்கு முன் சீட்டை மாற்றிப் பயனில்லை.

பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கும். எதிரே வருகிறவர் டிப் அடித்துக்கொண்டே இருந்தால் அவர் கோபக்காரர் அல்ல, உங்கள் விளக்கு அவர் கண்ணில் அடிக்கிறது.

டயர் காற்றையும் மறக்க வேண்டாம். தனியாகப் போக ஓர் அளவு, ஆளோடு போக ஓர் அளவு என்று கையேட்டில் இருக்கும். பின் டயருக்குத் தனியாக 32 பிஎஸ்ஐ என்றால் ஆளோடு 36 என்பதுபோல. காலையில் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடானதும் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

ஃபுட்பெக் முன்னால் தள்ளி இருக்கும் வண்டியா, நடுவில் இருக்கும் வண்டியா?

கால் நீட்டி ஓட்டுவது படத்தில் அழகு. ஆனால் அந்த நிலையில் பள்ளம் வரும்போது காலை ஊன்றிச் சற்று எழ முடியாது, அடி முழுவதும் முதுகுத்தண்டுக்குப் போகும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று நெஞ்சில் மோதும்போது கையால் தொங்கிக்கொண்டு இருப்பீர்கள். பின்னால் இருப்பவரும் பிரேக் பிடிக்கும்போது உங்கள்மேல் சாய்வார், அதைத் தாங்கக் கால் உதவாது. எனவே நடுவில், அல்லது கொஞ்சமே முன்னால் தள்ளிய ஃபுட்பெக்தான் என் ஓட்டு. உயரமானவர்கள் விதிவிலக்கு. வல்கன் எஸ்-இல் ஃபுட்பெக்கை முன்னும் பின்னுமாக மூன்று நிலைகளில் வைக்கலாம், இது நல்ல யோசனை.

ஃபுட்போர்டு (பாதம் முழுவதும் வைக்கும் தட்டு) இருந்தால் காலை நகர்த்தி வைக்கலாம், அது வசதி. ஆனால் ஆளோடு தாழ்ந்த வண்டியில் வளைவில் சீக்கிரம் தரையை உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு வண்டியைச் சடாரென்று நிமிர்த்தினால் வளைவுக்கு வெளியே போய்விடுவீர்கள். சாய்வை அப்படியே வைத்து, த்ராட்டிலைச் சீராகப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். அடுத்த வளைவுக்குள் மெதுவாக நுழையுங்கள்.

வி-ட்வினா, பேரலல் ட்வினா?

சத்தமும் துடிப்பும் பிடித்திருந்தால் வி-ட்வின். ஒரு விஷயம் மட்டும்: காற்றால் குளிரும் பெரிய வி-ட்வினில் பின் சிலிண்டர் உங்கள் வலது தொடைக்கு அடியிலேயே இருக்கும். நெரிசலில் ஊர்ந்தால் அந்தச் சூடு உங்களுக்கும், பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் போகும். இதற்காகவே ஹார்லியின் பெரிய இன்ஜின்களில், சூடேறி நிற்கும்போது பின் சிலிண்டரைத் தானாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு வந்தது. சூப்பர் மீட்டியார், ஸ்பீட்மாஸ்டர் போன்றவற்றின் பேரலல் ட்வினில் (இரண்டு சிலிண்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது) கிராங்க் 270 டிகிரி கணக்கில் அமைந்திருப்பதால் வி-ட்வின் போன்ற துடிப்பு கிடைக்கிறது, பின் சிலிண்டர் சூடு இல்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பின் ஃபுட்பெக்கில் அதிர்வு தெரியும். அது எந்த வேகம் என்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

செயின், பெல்ட், ஷாஃப்ட்: எது நல்லது?

டூருக்கு பெல்ட்டோ ஷாஃப்ட்டோ நிம்மதி. செயினுக்கு 500 முதல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய், அவ்வப்போது தளர்வு சரிபார்ப்பு என்று வேலை உண்டு. ஆளோடு போகும்போது தளர்வு அளவும் மாறும். பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, ஆனால் கூழாங்கல் உள்ளே சிக்கினால் கிழியலாம், வழியில் ஒட்டுப்போட முடியாது. ஹார்லி, இண்டியன் (இதுவும் ஓர் அமெரிக்க கம்பெனி) ஆகியவற்றின் பெரிய க்ரூசர்கள், வல்கன் 900 ஆகியவை பெல்ட். ஷாஃப்ட்டுக்கு அதன் கியர் ஆயிலை மாற்றினால் போதும். புலவார்டு சி50, பிஎம்டபிள்யூ ஆர்18, மோட்டோ குஸ்ஸி வண்டிகள் அந்த ரகம். செயின் வண்டிதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம். சின்ன ஸ்ப்ரே டப்பா ஒன்று பையில் இருந்தால் ஆயிற்று.

டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

15 லிட்டர் இருந்தால் போதும். அதைவிடக் குறைவாக இருந்தாலும், பின்னால் இருப்பவர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்க விரும்புவார், பெட்ரோல் அதற்குள் தீராது. ஹார்லி ஃபார்ட்டி-எய்ட் மாதிரி 8 லிட்டருக்கும் குறைந்த கடலைக்காய் டேங்க் என்றால்தான் பிரச்சினை.

விண்ட்ஷீல்டு போடலாமா? பின்னால் இருப்பவருக்கு அதனால் பயன் உண்டா?

உங்களுக்குக் கட்டாயம் பயன். பின்னால் இருப்பவருக்குச் சில சமயம் தொல்லை. விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று சுழன்று, உங்கள் ஹெல்மெட்டை விட்டுவிட்டு அவர் ஹெல்மெட்டில் போய் மோதும். பின்சீட் சற்று உயரமாக இருந்தால் இது அதிகம். விளிம்பு உங்கள் மூக்கு உயரத்தில், கண் அதன் மேலாகப் பார்க்கும்படி இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். மழையில் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிய உயரத்தில் வைக்காதீர்கள். ஹார்லி ஹெரிடேஜ் கிளாசிக்கில் கருவி இல்லாமலே கழற்றக்கூடிய விண்ட்ஷீல்டு வருகிறது, வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடலாம்.

பைகளை எங்கே கட்டுவது?

கனமானது கீழே, முன்னால். அதாவது சாடில்பேக்கின் (வண்டியின் இருபக்கமும் தொங்கும் பை) அடியில், பின் அச்சுக்கு முன்பக்கமாக. லேசானது மேலே. டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. அதில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரத்திலிருந்து எடை குறைந்து ஹேண்டில்பார் லேசாக ஆடும். பல ரேக்குகளுக்கு 5 முதல் 10 கிலோதான் அனுமதி, எண் அதன்மேலேயே பொறித்திருக்கும்.

துணிப்பை என்றால் சைலன்சரிலிருந்து தள்ளி நிற்கத் தாங்கும் கம்பி மாட்டுங்கள். ஆள் ஏறி, வண்டி தாழ்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது பை எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் தள்ளித்தான் இருக்கும். பைகள் பின்சீட்காரரின் ஃபுட்பெக்கை மறைக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஷோரூமில் பத்து நிமிட டெஸ்ட் ரைடுதான் தருகிறார்கள். அதில் என்ன பார்ப்பது?

தனியாக ஐந்து நிமிடம், ஆளோடு ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆளோடு விடமாட்டோம் என்றால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், அந்தச் செலவு வீண்போகாது.

ஆளோடு போகும்போது மூன்று இடங்களைத் தேடுங்கள். ஒன்று, யூ-டர்ன். முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள்) அதிகம் சாய்ந்த வண்டிகளில், குறிப்பாக 30 டிகிரிக்கு மேல் போனால், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் தானாக உள்ளே விழப் பார்க்கும். பின் பிரேக்கை லேசாக அழுத்தி, கிளட்ச்சைப் பாதி பிடித்துச் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு, வேகத்தடை. அடிப்பாகம் உரசுகிறதா, பின்னால் இருப்பவர் எழும்புகிறாரா? மூன்று, சற்றுச் சரிவான இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் இறங்கிய பிறகு வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். 240 கிலோ வண்டி ஓடும்போது இறகு, தள்ளும்போது மலை. இதைச் செய்ய முடியாத வண்டி ஓட்டலின் வாகன நிறுத்தத்தில் உங்களை அழவைக்கும்.

இறங்கியதும் 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருந்தது' என்றுதான் வரும். 'எங்கே வலிச்சது?' என்று கேளுங்கள்.

ஆளோடு பிரேக் பிடிக்கும்போது இருவர் ஹெல்மெட்டும் முட்டிக்கொள்கின்றன. தவிர்ப்பது எப்படி?

பெரும்பாலும் கியர் மாற்றும் விதத்தில்தான் சிக்கல், பிரேக்கில் அல்ல. த்ராட்டிலைச் சட்டென்று மூடி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அவர் முன்னே வந்து மோதுவார். இரண்டையும் ஒரு நொடி நீட்டினால் போதும். பிரேக்கைத் தொடங்கும்போது பின் பிரேக்கை ஒரு கணம் முன்னதாகத் தொட்டுவிட்டு முன் பிரேக்கைக் கூட்டினால் வண்டி முன்னே குனிவது குறையும். ஆள் ஏறிய க்ரூசரில் பின் சக்கரத்தில் எடை அதிகம், அதனால் பின் பிரேக்குக்குத் தனியாகப் போகும்போது இருப்பதைவிட நல்ல பிடிப்பு உண்டு. ஆனாலும் அவசரத்தில் வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான். புதிதாக வாங்குகிறவர் ஏபிஎஸ் இல்லாத வண்டியைத் தொட வேண்டாம்.

ஹோண்டா ரெபெல் 1100-இல் டிசிடி என்ற தானியங்கி கியர் வகை கிடைக்கிறது. முட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

முதல்முறை பின்னால் உட்காரப்போகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும்?

இப்படிச் சொல்லுங்கள்: 'நான் சொன்ன பிறகு ஏறுங்கள், சொன்ன பிறகு இறங்குங்கள். நிற்கும்போதும் காலை ஃபுட்பெக்கிலிருந்து எடுக்க வேண்டாம். வளைவில், வண்டி திரும்பும் பக்கத்தில் உள்ள என் தோள் வழியாகப் பாருங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம்.' இவ்வளவுதான். நிறையச் சொன்னால் பயம்தான் கூடும். அவருக்கும் உங்களுக்கு இருக்கும் அதே தரத்தில் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை. உங்களுக்குப் புதியது வாங்கிவிட்டு உங்கள் பழையதை அவருக்குத் தள்ளாதீர்கள்.

இன்டர்காம் தேவையா?

தேவை இல்லை, ஆனால் வாங்கிவிட்டால் பிறகு விட மாட்டீர்கள். 'அடுத்த இடத்தில் நிறுத்துங்க' என்று தோளைத் தட்டாமல் சொல்ல முடிவதே பெரிய விஷயம்.

பயன்படுத்திய க்ரூசர் வாங்கலாமா?

தாராளமாக. க்ரூசர்களை நிறையப் பேர் ஆசைக்கு வாங்கி, குறைவாக ஓட்டி, விற்றுவிடுகிறார்கள். அதனால் ஓடிய தூரம் குறைவாக இருப்பது சகஜம். அதிலேயே ஒரு பொறியும் உண்டு. ஓடாத வண்டியின் டயர் தேயாது, ஆனால் கிழடாகும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் இருந்தாலும் ஏழெட்டு வயது டயரில் ஆளை ஏற்றாதீர்கள், மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பெல்ட்டின் பற்களில் விரிசல், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, ஃபோர்க் சீலில் ஈரம், பேக்ரெஸ்ட் மாட்டிய இடத்தில் ஃபெண்டர் கம்பியில் வெடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் சீட்டையும் ஷாக்கையும் மாற்றியிருந்தால் அது உங்களுக்கு லாபம். சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்காரப்போவது பின்சீட்காரர்.

தனியாகப் போகும்போது பின்சீட்டையும் பேக்ரெஸ்ட்டையும் கழற்றி வைக்கலாமா?

வைக்கலாம். பல மாடல்களில் பின்சீட் ஒன்றிரண்டு போல்ட்டில் நிற்கிறது, ஐந்து நிமிட வேலை. போல்ட்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு சீட்டோடு சேர்த்தே வையுங்கள். முன்சீட்டின் பின்முனையும் அதே போல்ட்டில் நிற்கும் மாடல் என்றால், மீண்டும் அதை இறுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பிரீலோடையும் டயர் காற்றையும் தனி ஆள் அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டி பலகை மாதிரி குதிக்கும்.